நீங்கள் கவிழ்த்த மோர்

அக்கா,

இன்று காலை புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்தேன். மருந்து வாடை அடிக்குமே, அந்தச் சிவப்புச் சோப்பு. காகிதத்தைக் கிழித்ததும் வாடை மூக்கில் ஏறியது, கூடவே நீங்களும் வந்து நின்றீர்கள். செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் என் சமையல்கட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. வந்ததும் என் கையைத்தான் பார்த்தீர்கள். உயிரோடு இருந்தபோதும் அதே வழக்கம்தானே. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து வாங்க என்பார்கள், நீங்கள் நகத்தைப் பார்த்து வா என்பீர்கள்.

சோப்பை வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுப் பின்பக்கக் குழாயில் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் எனக்கு எரிச்சல் வந்தது. அன்று நாம் வேலைக்கு இருந்த தோட்டத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குழாயில் நீங்கள் கட்டி வைத்தது இப்படித்தான். அவிழ்த்து எறியலாமா என்று பார்த்தேன். கை வரவில்லை.

அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்துக்கு நான் சின்ன மருமகளாக வந்தபோது நீங்கள் பெரிய மருமகளாக அங்கே வேரூன்றி இருந்தீர்கள். அண்ணன் தம்பி இருவருக்கும், தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர். நீங்கள் பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வீட்டில் சமைத்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். வந்த நாளிலிருந்து எனக்கு உங்கள்மேல் பொறாமை.

உங்கள் சமையல் நன்றாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். உங்கள் சாம்பாரை ஆஸ்பத்திரியில்கூட யாரும் இரண்டாவது தரம் கேட்கமாட்டார்கள். என் ரசத்துக்கு லயத்துக் கடைசி வீட்டிலிருந்து கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். என் கத்தரிக்காய்ப் பிரட்டலைத் தின்றுவிட்டு உங்கள் வீட்டுக்காரரே விரலைச் சூப்பியிருக்கிறார், நீங்களும் பார்த்துச் சிரித்தீர்கள். ஆனால் கைப்பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டவேண்டும் என்றால் உங்கள் வாசல். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி என்றால் உங்கள் வாசல். பிள்ளைத்தாய்ச்சிக்குக் குடிக்கத் தண்ணீர் என்றாலும் உங்கள் வாசல்தான். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரின் பெண்சாதி என் வீட்டு வாசலில் நின்றுகொண்டே ஒருநாள் சொன்னாள்: "கமலா சாப்பாடு ருசிதான்லா. ஆனா பெரியவங்க வீடுன்னா யோசிக்காம சாப்பிடலாம்."

யோசிக்காமல் சாப்பிடலாம். அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அப்படியானால் என் வீட்டில் யோசித்துக்கொண்டா சாப்பிடுகிறார்கள்? அவ்வளவு மசாலா அரைத்து, அடுப்பில் வெந்து, ஆளுக்கு ஆள் பார்த்துப் பரிமாறுகிற என்னிடம் இல்லாத எது உங்களிடம் இருந்தது? கையைக் கழுவுகிறீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்கள். மீந்ததை மூடி வைத்து, கொதிக்கச் சூடு காட்டாமல் திரும்பப் பரிமாறமாட்டீர்கள். கேன்டீன் வேலைக்கு டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டு கையை வீங்க வைத்துக்கொண்டு வந்தீர்கள். இதெல்லாம் ஒரு கைப்பக்குவமா என்று நான் என் வீட்டுக்காரரிடம் கேட்பேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார்.

உங்கள் மகள் தேவிக்குச் சடங்கு வைத்தீர்களே, அதை நான் மறக்கவில்லை. சமையல் என் பொறுப்பு என்று பேச்சு. உலு யாமிலிருந்து என் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். முதல் நாள் எனக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லை, அது உங்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. காலையில் பானையைத் தூக்கப் போனேன், வழியில் நின்றீர்கள். "வயித்தால போறவங்க அடுப்புப் பக்கம் வேணாம் கமலா. நின்ன பிறகும் ரெண்டு நாள் வேணாம். நீ உட்காரு." எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். கேன்டீனில் உங்களோடு வேலை செய்த இரண்டு பெண்கள் வந்து சமைத்தார்கள். நான் பட்டுச்சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் செய்த உப்புச்சப்பில்லாத கூட்டைத் தின்றேன். அதற்குப் பிறகு பல மாதம் உங்களோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அப்புறம் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. அந்த வருஷம் அன்னதானச் சமையலை என்னிடம் கொடுத்தார்கள். என் பேரைச் சொல்லி, என்னைக் கேட்டு, என்னிடம் கொடுத்தார்கள். உங்களுக்கு வாசலில் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர் மட்டும். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் வாழ்க்கையில் ஒருநாளாவது கோயில் வாசலிலிருந்து கடைசி லயம்வரை என் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசவேண்டும் என்று ஆத்தாளிடம் கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் முதல் நாளே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டீர்கள். ஆத்தாளுக்குப் படைக்கிற மோர் என்பதால் பானையைத் தொடுவதற்குக்கூடக் குளித்துவிட்டு வரவேண்டும் என்பது நம் வழக்கம். அவ்வளவு சுத்தம் பார்த்து மோரைக் கலக்கி வைத்த பிறகு, வருஷா வருஷம் நடக்கிற மாதிரி பையன்கள் லோரியில் ஐஸ் கட்டையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கோலசிலாங்கூரில் மீன் இறங்குகிற துறையிலிருந்து வந்த ஐஸ். மீன் பெட்டியில் போடுவதற்கென்று செய்தது, மீன் ஏற்றுகிற லோரியிலேயே வந்தது. கோணியைப் பிரித்து, சிமெண்டுத் தரையில் போட்டு, கடப்பாரையால் உடைத்து, காலில் மிதிபட்ட துண்டுகளையும் பொறுக்கிப் பானையில் போட்டார்கள். நீங்கள் தாளிக்கக் கறிவேப்பிலை எடுக்க உள்ளே போயிருந்த நேரம் அது.

நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திரும்பி வந்தீர்கள், பானைக்குள் எட்டிப் பார்த்தீர்கள், கோணியைப் பார்த்தீர்கள்.

"இது எங்க இருந்து வந்த ஐஸ்?"

"அட, எப்பவும் வர்றதுதான் அக்கா. தண்ணிதான் காய்ச்சிட்டீங்களே, ஒண்ணும் ஆகாதுலா."

"காய்ச்சினது தண்ணிய. ஐஸை யாரு காய்ச்சினா? ஐஸ்ல கிருமி சாகாது தம்பி, தூங்கும். வயித்துக்குள்ள போய் எழுந்திரிக்கும்."

சொல்லிக்கொண்டே பானையின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தீர்கள். அத்தனை மோரும் கால்வாயில் ஓடியது. காவடி எடுத்தவர்கள் வெயிலில் நாக்கு வறண்டு வந்து நிற்கிறார்கள், நீங்கள் வெதுவெதுப்பான கொதித்த தண்ணீரைக் குவளையில் நீட்டுகிறீர்கள். கோயில் தலைவர் கத்தினார். "ஆத்தா மோரைக் கொட்டிட்டியேம்மா, குடும்பம் விளங்குமா?" கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் பானையைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு வயிறு குளிர்ந்தது அக்கா. பொய் சொல்லமாட்டேன். பெரியவங்க வீடு, பெரியவங்க கை என்று பேசிய வாயெல்லாம் அன்றைக்கு உங்களைத் திட்டியது, என் சாம்பாரைப் புகழ்ந்தது. ஒரு பகல் முழுக்க நான் ராணி. பாயசம் தீர்ந்துபோய், பானையைச் சுரண்டிக் கேட்டார்கள்.

மிச்ச ஐஸைப் பையன்கள் வீணாக்கவில்லை. சாமி ஊர்வலம் திரும்புகிற முச்சந்தியில் அவர்கள் சொந்தமாக ஒரு பந்தல் போட்டு, அங்கே மோர் கலக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் சாயங்காலமே லயத்தில் வாந்தி தொடங்கிவிட்டது. ஒரு வீடு, அடுத்த வீடு, எதிர் வீடு. கக்கூஸ் கதவு சாத்தித் திறக்கிற சத்தம் ஓயவில்லை. என் மகன் முரளியும் சுருண்டு படுத்துவிட்டான். ஊர் என்ன சொல்லும்? கமலா பாயசம் என்றது. கமலா சாம்பார் கெட்டுப்போயிருக்கும் என்றது. முதல் நாள் பானையைச் சுரண்டியவர்களே சொன்னார்கள். எனக்குக் கிடைத்த ஒரே பேர் ஒரே நாளில் நாறிப்போனது. இனி அந்தத் தோட்டத்தில் என் கையால் யாரும் ஒரு வாய் வாங்கித் தின்னமாட்டார்கள் என்று நினைத்தேன், மகன் சுருண்டு கிடந்ததைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

முரளிக்குத் தண்ணீர் கொடுக்காதே, உள்ளே போவதெல்லாம் வெளியே வருகிறது என்று என் வீட்டுக்காரர் தடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தீர்கள். கிளினிக்கில் வாங்கிய உப்புச் சர்க்கரைப் பொடியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்தீர்கள். "வெளிய போனதை யாரு திருப்பிக் குடுக்கிறது? வாந்தி எடுத்தா கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடி குடு. ஸ்பூன் ஸ்பூனா குடு, டம்ளரைக் கவுத்தாதே. கண்ணு உள்ள போனா, மூத்திரம் நின்னா, மலத்துல ரத்தம் பார்த்தா உடனே ஆஸ்பத்திரி." அவன் தலையை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு நீங்களே ஊட்டினீர்கள். அவன் கண்ணைத் திறந்து முதலில் கூப்பிட்டது பெரியம்மா என்று. நான் வாளியோடு பக்கத்திலேயே நிற்கிறேன்.

சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்து யார் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது நீங்கள் எழுந்தீர்கள்.

"கமலா சாப்பாட்டை நான் சாப்பிட்டேன். என் மக ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா. எங்களுக்கு ஒண்ணுமில்ல. படுத்திருக்கிறவங்கள முச்சந்தியில மோரு குடிச்சாங்களான்னு கேளுங்க."

கேட்டார்கள். படுத்த வீடுகளில் எல்லாம் முச்சந்தி மோர். கிழவிகள் கன்னத்திலிருந்த கையை எடுத்தார்கள். தலைவர் உங்களிடம் வந்து என்னவோ முணுமுணுத்தார். அடுத்த வருஷத்திலிருந்து மீன் ஐஸ் கோயில் பக்கம் வரவில்லை. குடிக்கிற தண்ணீரில் செய்த ஐஸைப் பையோடு வாங்கி, பானைக்கு வெளியே அடுக்கினார்கள்.

நீங்கள் என் பேரைக் காப்பாற்றினீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் உங்களை நிம்மதியாக வெறுத்திருப்பேன். வீட்டுக்கு வருகிற வழியில், "நீங்க எனக்காகப் பேச வேண்டியதில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். "உனக்காகப் பேசல, மோருக்காகப் பேசினேன்" என்றீர்கள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "பாயசம் நல்லா இருந்திச்சு" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? எனக்குக் கேட்க வேண்டியிருந்த அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியாதா?

போன வருஷம் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். சாவு வீட்டில் எல்லார் வாயிலும் உங்கள் பேச்சு. "பாருங்க, இங்கேயும் அக்காவைப் பத்தியேதான் பேசுறாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "செத்தது அண்ணிதானே, பின்ன உன்னைப் பத்தியா பேசுவாங்க?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த நான் அவரை முறைத்தேன்.

போன வாரம் தேவி பத்தாங் காலியிலிருந்து வந்தாள். ராவாங்கில் ஆபீஸ் வேலை, பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறாள். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. மாமியார் வீட்டில் அத்தனை பேர் இருக்க, முதல் சோறு நான்தான் ஊட்டவேண்டும் என்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் சோப்புப் போட்டு விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். கிண்ணத்தையும் கரண்டியையும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். புதிதாகச் சோறு வடித்து, பருப்பு வேகவைத்து, குழையக் குழைய மசித்தேன். தேவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாத்தையும் என்னடி முறைச்சுப் பார்க்கிறே, சித்தி மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"ஐயோ சித்தி. நீங்க குடுத்தா நான் யோசிக்காம குடுப்பேன்."

அக்கா, இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை அது. உங்கள் மகள் வாயிலிருந்து வந்தது. பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் போன கரண்டி அப்படியே நின்றுவிட்டது. நான் பலகைச் சுவர் இருக்க வேண்டிய பக்கம் திரும்பிப் பார்த்தேன், உங்களுக்குக் கேட்டிருக்குமா என்று. தோட்டத்தை விட்டு நாங்கள் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. இது கல் சுவர், அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரக் குடும்பம்.

"கை கழுவுறது அப்படியே அம்மா மாதிரி சித்தி" என்றாள் தேவி.

அதிலும் உங்களுக்குப் பங்கு. எனக்குக் கோபம் வந்தது, பிள்ளை வாயைத் திறந்ததால் அதைக் காட்ட நேரமில்லை. முதல் வாயை விழுங்கிவிட்டு அது என் கையைப் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தது. உங்கள் பேத்திதான், சந்தேகமே இல்லை.