மீன் நாறாத முட்டை

ஆலங்குடா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்புள்ள நிஸ்மியாவுக்கு,

உன் மேல் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். பயப்படும்படி இந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை, ஆறுதலாக இருந்து வாசி. நம் மகள் ஸுஹைராவின் நிறை கூடிவிட்டது. மூன்று மாதமாகக் கிளினிக் அட்டையில் செம்மஞ்சளுக்குள் கிடந்த புள்ளி நேற்று இளம்பச்சைக்குள் ஏறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

இதைப் போனில் சொல்ல எனக்கு எங்கே இடம் கிடைக்கிறது? மகள் கதைத்து முடித்துப் போன் என் கைக்கு வரும்போது நீ வேலை செய்யும் வீட்டு மேடம் உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார். என்னோடு தோணிக்கு வரும் ரிஃபாஸின் பெண்சாதி லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போன கிழமை நீ மகள் மெலிந்ததை நினைத்து அழுதுகொண்டு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

இந்த முறை தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மோசம். அந்தக் காற்றை நம்பித்தான் வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் ஓட வருகிறார்கள். நமக்கோ தோணி கரையில் கிடக்கிறது. மீன்காரன் வீட்டில் மீன் இல்லை. பாணும் சம்பலும், சோறும் கருவாடும் என்று நாள் போனது. கருவாடு உப்பென்று மகள் தொடவே இல்லை. பால்மா விலையை உனக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை மெலிந்தது அப்படித்தான்.

மிட்வைஃப் மிஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு நாளும் ஒரு முட்டை குடுங்க நானா, வேற மருந்து தேவையில்ல" என்றார். நீ பயணம் போவதற்கு முன் ஊர்க்கோழிகளை வாங்கிவிட்டபோது, மீன்காரன் வீட்டில் கோழிக்கு என்ன வேலை என்று நான் சிரித்தேனே, அந்தக் கோழிகள்தான் அப்போது ஞாபகம் வந்தன. கொழுத்து நின்றன, ஒரு நாள் தவறாமல் முட்டையும் போட்டன. வெளியூர் மீனை வாங்கி வெட்டிக் காயப்போடும் கருவாட்டு வாடியில் விழும் தலையும் குடலும் வாளி வாளியாகக் கொண்டுவந்து போட்டால் ஏன் கொழுக்காது?

மகள் முட்டையை வாயில் வைத்ததும் துப்பினாள். "மீன் நாறுது வாப்பா, எனக்கு ஏலா" என்றாள். அவித்தேன், பொரித்தேன், பிட்டுக்குள் ஒளித்தும் வைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள். உன்னைப் போலவே பிடிவாதம் என்று நினைத்தேன். நானும் மணந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஆசியா உம்மாவும் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு, நல்ல முட்டைதானே, பிள்ளைக்குச் செல்லம் கூடிப்போச்சு என்றார். நானும் அவரும் பிறந்த நாளிலிருந்து இந்தக் கரையில் மூச்சு விடுகிறவர்கள். எங்கள் மூக்கில் நியாயம் கேட்டால் கிடைக்குமா?

அவள் தின்னாத முட்டைகளைக் கடற்கரை ஹோட்டலில் சமைக்கும் சிலாபத்துச் சதீஸிடம் விலைக்குக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் கூடையோடு திருப்பிக் கொண்டுவந்தான். "முட்டைக்குள்ள மீன் வச்சா விக்கிறீங்க நானா? வெள்ளைக்காரன் தட்டைத் தள்ளிட்டான்" என்றான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. மகள் ஒரு மாதமாகச் சொன்னதும் அதைத்தானே.

அன்றோடு மீன் கழிவை நிறுத்தினேன். புண்ணாக்கும் தவிடும் குறுணல் அரிசியும், கொஞ்சம் முருங்கை இலையும் போட்டேன். உன் கோழிகளுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். தவிட்டைக் காலால் கிளறி எறிந்துவிட்டு வாடிக்கே ஓடின. பழைய வலையால் வளைத்து அடைத்தேன். பசி வந்ததும் கொத்தத் தொடங்கின. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு முட்டையைப் பொரித்து மகளிடம் கொடுத்தேன். மணந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தின்றாள். இன்னொன்று இருக்கா வாப்பா என்று கேட்டாள். நிஸ்மியா, நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டுத்தான் அடுத்ததைப் பொரித்தேன்.

இப்போது தினமும் தின்கிறாள். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது, மதிலேறி ஓடுகிறாள். மிஞ்சுகிற முட்டையை ஆசியா உம்மாவின் மருமகளுக்குக் கொடுக்கிறேன், அவளுக்கு இது ஏழாம் மாதம். அவர்கள் சோற்று மிச்சத்தையும் பால் பிழிந்த தேங்காய்ப்பூவையும் நம் கோழிகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரு கோழி அடைக்கு இருக்கிறது, குஞ்சு பொரித்தால் இரண்டு குஞ்சு அவர்களுக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பெண்சாதிக்கு நன்றி சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. நான் சொல்கிறேன். நீ வாங்கி விட்டுப் போனதுதான் கடல் மூடிக் கிடந்த நாளில் நம் பிள்ளையைக் காப்பாற்றியது. அல்லாஹ் உனக்கு நற்கூலி தரட்டும்.

ஆகவே மகளுக்காக நீ பாதியில் ஓடிவரத் தேவையில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் உன் வேலைத் தவணையும் முடிகிறது, அதுவரை மனதைத் தளரவிடாமல் இரு. ஆனால் அதற்கு மேல் ஒரு நாளும் நிற்காதே. நீ நல்ல வேலைக்காரி, இன்னும் ஒரு வருஷம் நில் என்று மேடம் கட்டாயம் கேட்பார். அப்போது பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லாதே. பிள்ளை சுகமாக இருக்கிறாள், பொய் சொன்ன பாவம் நமக்கு வேண்டாம். புருஷன் வரச் சொல்லிவிட்டான், அவனுக்கு இனித் தனியே இருக்க ஏலாதாம் என்று சொல். அது முழு உண்மை.

உன்னைச் சுகமாக நம் வாசலில் கொண்டுவந்து சேர்க்கும்படி ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கும்,

உன் ஸப்ரான்