ஆங்கஸுக்கு ஒரு நடுப்பெயர்

ஆர்ட்மோர், ஸ்கை தீவு
மார்ச் 14, 1967

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

கடற்கழியின் வடகரைக்கும், அங்கே மேயும் ஆட்டு மந்தைக்கும், ஒரு சோம்பேறி நாய்க்கும் அதிபதியான உன் பெரியப்பா டார்குவில் எழுதுவது. இங்கே மழை உள்பட எல்லோரும் சௌக்கியம். பச்சை உடம்புக்காரி நீ குளிரில் அலையாதே.

முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் என்பது நம் ஊர் வழக்கம். ஆகவே உன் மாமனார் பெயரான ஆங்கஸ் அவன் தலையில் விழுந்தாகிவிட்டது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நடுப்பெயராவது நம் கையில் இருக்கிறதே என்று மகிழ்ந்தால், உன் புருஷன் டானல்டு 'மாக்னஸ்' என்று எழுதுகிறான்!

நடுப்பெயர் எதற்கு இருக்கிறது? பையன் ஒழுங்காக இருக்கும்வரை அது பெட்டிக்குள் தூங்கும். ஜன்னலை உடைத்துவிட்டு அவன் ஓடும்போதுதான் பெற்றவள் வாசலில் நின்று இரண்டு பெயரையும் சேர்த்துக் கத்துவாள். அதனால் எந்தப் பெயரானாலும் முதலில் கத்திப் பார்க்க வேண்டும். நேற்றுக் குன்றின் மேல் ஏறி நின்று, "ஆங்கஸ் மாக்னஸ்! சாப்பிட வாடா!" என்று கத்தினேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம். கழியிலிருந்த கடல்நாய்களெல்லாம் ஓட்டை விழுந்தது தங்களுக்குத்தானோ என்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டன.

பக்கத்து வீட்டு பெக்கி வேலியோரம் வந்து, "அடப் பாவி மனுஷா, புள்ள பொறந்து ஒரு வாரம்கூட ஆகல. அதுக்குள்ள தொலைச்சுட்டீங்களா?" என்றாள்.

வேறு பெயர் அனுப்பு. எதிர்க்கரையில் வசிக்கும் உன் தகப்பன், அதாவது முன்னொரு காலத்தில் எனக்குத் தம்பியாக இருந்தவன், அவன் பெயரைத் தவிர எதுவானாலும் சபையில் பரிசீலிக்கப்படும்.

ஆசிகளுடன்,
பெரியப்பா


இன்வர்னஸ்
மார்ச் 20, 1967

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சிரித்தால் தையல் வலிக்கிறது என்று மருத்துவமனையிலிருந்தே எழுதியிருந்தேனே, நினைவில்லையா?

டேவிட் என்று வைத்தால் என்ன? ஃபின்லே என்று வைத்தால் என்ன? இந்த வீட்டில் காலையில் ஒரு பெயர், மாலையில் ஒரு பெயர். மாமியாருக்குப் பிடித்தால் டானல்டுக்குப் பிடிப்பதில்லை. டானல்டுக்குப் பிடித்தால் நீங்கள் குன்றில் ஏறிவிடுகிறீர்கள். குழந்தை மட்டும்தான் இன்னும் குறை சொல்லவில்லை.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கஸ் ரூரி. எங்கள் அப்பா பெயர். எனக்கு அதுதான் காதுக்கு நன்றாக இருக்கிறது.

கோபப்படுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். போன வாரம் அப்பா எழுதியிருந்தார்: "ரெண்டு நாளா அந்தக் கரையில அடுப்புப் புகை லேட்டாத்தான் கெளம்புது. ஒங்க பெரியப்பனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ, நான் கேட்டதாச் சொல்லாம விசாரி." சொல்லிவிட்டேன். அம்மா போன பிறகு அங்கே அவர் தனியாள். இங்கே நீங்கள் தனியாள். நடுவில் படகு போட்டால் கால் மணி நேரத் தண்ணீர்.

என் கல்யாணத்தில் ஆளுக்கொரு வாசல் வழியாக வந்தீர்கள். என் பையனின் ஞானஸ்நானத்துக்கும் அப்படித்தானா?

உங்கள்
கிர்ஸ்டி


ஆர்ட்மோர்
மார்ச் 24, 1967

கிர்ஸ்டி,

டேவிட்: கத்தினேன். கதவைச் சாத்தியது போல முடிகிறது. பையன் அத்தோடு வீடு திரும்பமாட்டான். ஃபின்லே: பிரமாதமான பெயர். அதனால்தான் பதினொரு வருஷமாக என் நாய்க்கு இருக்கிறது. "ஆங்கஸ் ஃபின்லே!" என்றதும் நாய் வந்தது, நாயின் பின்னால் மந்தை முழுவதும் வந்தது, மந்தையின் பின்னால் வேலியும் வந்தது.

மூன்றாவது பெயரை நான் கத்தவில்லை. கத்தவும் மாட்டேன்.

உலகம் தோன்றிய நாளிலிருந்து நடந்த துரோகங்களை வரிசைப்படுத்தினால், ஒன்பது வருஷத்துக்கு முன் நம் தீவுக் கால்நடைக் கண்காட்சியில் நடந்ததுதான் முதலில் நிற்கும். நடுவர் யார்? என் கூடப்பிறந்தவன். களத்தில் நின்றது யார்? என் கிடா. ராஜாக்கள் எழுந்து நின்று வழிவிடக்கூடிய கிடா. அதற்கு இரண்டாம் பரிசு! ஊர் பார்க்க, பெக்கி பார்க்க, இரண்டாம் பரிசு! அந்தக் கிடா அன்றைக்குத் தலையைத் தொங்கப்போட்டது, சாகும்வரை நிமிரவில்லை. என் அடுப்புப் புகையை அவன் ஏன் எண்ணுகிறான்? கிடாவைச் சரியாகப் பார்க்கத் தெரியாத கண்ணுக்குப் புகை மட்டும் தெரிகிறதோ?

அம்மாவைப் பெற்றவர் பெயர் இரண்டாவது பையனுக்கு. அதுவும் நம் வழக்கம்தானே? அவனுக்குத் தாராளமாக ரூரி என்று வை. தடுக்கமாட்டேன். அதற்குள் வேறு மனிதனாகிவிடுகிறேனோ என்னவோ. இப்போதைக்கு 'ஐவர்', 'யூவன்' என்ற இரண்டு பெயரையும் யோசி. ஆங்கஸ் ரூரி என்றால் நான் வரவில்லை.

பெரியப்பா


இன்வர்னஸ்
மார்ச் 29, 1967

பெரியப்பா,

இரண்டாவது பையன் கிடையாது. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். தையல் என்று எழுதினேனே, அதுதான். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

என் அப்பா பெயருக்கு இருக்கிற ஒரே இடம் அந்த நடு இடம்தான். அதில் உங்கள் கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

ஏப்ரல் 9, ஞாயிறு, ஞானஸ்நானம். ஆங்கஸ் ரூரி. இதை அப்பாவுக்கு எழுதவில்லை. உங்களுக்குத்தான் முதலில். வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

கிர்ஸ்டி


ஆர்ட்மோர்
ஏப்ரல் 3, 1967

என் கண்ணே கிர்ஸ்டி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டு ஆடுகளுக்குத் தீனி வைத்தேன். வைத்ததை மறந்து மறுபடியும் வைத்தேன். வேறொன்றும் எழுதத் தெரியவில்லை, மகளே.

நேற்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கத்தினால் பாதிரியார் என்னை ஊரைவிட்டே தள்ளிவைப்பார். ஆகவே இன்று விடிந்ததும் குன்றில் ஏறினேன். சோதித்துப் பார்க்காமல் ஒரு பெயரை ஏற்பது என் பதவிக்கு அழகல்ல. மூச்சை இழுத்துப் பிடித்து, "ஆங்கஸ் ரூரி! வீட்டுக்கு வாடா!" என்றேன். முதல் பாதியைக் காற்று தின்றுவிட்டது. இரண்டாம் பாதி இருக்கிறதே, அது நார்வே வரை போயிருக்கும்.

எதிர்க்கரையில் கதவு திறந்தது. ஒரு உருவம் ஓடிவந்து படகைத் தள்ளியது. நான் கையை ஆட்டி 'இல்லை, இல்லை' என்றேன். அவன் அதை 'சீக்கிரம், சீக்கிரம்' என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. அப்படி ஒரு துடுப்பு வீச்சை இந்தக் கழி பார்த்ததில்லை.

கரையேறியவனுக்கு மூச்சிரைத்தது. "என்ன அண்ணே? விழுந்துட்டியா? கை கால் ஏதாச்சும் ஒடைஞ்சுடுச்சா?"

"ஒண்ணும் ஒடையல. நான் ஒன்னைக் கூப்பிடல."

"பின்ன? இந்தத் தண்ணியோரம் வேற எவன் ரூரி இருக்கான்?"

"ஒன் பேரன்," என்றேன்.

மீதியை நானே சொல்லிவிட்டேன். பெயரையும் சொன்னேன், இரண்டாவது கிடையாது என்பதையும் சொன்னேன். அதற்காக என்னை மன்னித்துவிடு. அவன் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் பார்த்தேன். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் காலுறை மட்டும், சொட்டச் சொட்ட.

உள்ளே அழைத்துக் கஞ்சி வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அந்தக் கெடாவுக்குப் பின்னங்கால் கோணல் அண்ணே. இப்பவும் ரெண்டாம் பரிசுதான் குடுப்பேன்," என்கிறான்! என் வீட்டில்! என் கஞ்சியைக் குடித்துக்கொண்டு! எழுந்து வெளியே தள்ளியிருப்பேன். காலுறை அடுப்புமேல் காய்ந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமைப் படகில் வருகிறோம். இரண்டு பேரும். ஒரே பெஞ்சில் உட்காருவோம் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. தேவாலயத்தில் எந்த வாசல் கிட்டத்தில் இருக்கிறதோ அந்த வாசல்.

பெயரைப் பற்றிய சபையின் தீர்ப்பு: பொருந்துகிறது. வைத்துக்கொள். கூப்பிட்டால் வருகிறான்.

உன் மகனின் பெரிய தாத்தா,
டார்குவில்