பாலை நிறுத்திய இலை

நேற்று என் மருமகள் சென்னையில் வாங்கி வந்த சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றைத் திறந்தாள். உருளைக்கிழங்கு வறுவல்மேல் தூவுவதற்காம். சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் நொறுங்கிய இலை. கற்பூரமும் காய்ந்த வைக்கோலும் கலந்த மாதிரி அந்த வாசனை எழும்பியதும் நான் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டேன். "நெடி ஒத்துக்கலையா அத்தே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்கள் பின்னறையில் குடியிருந்த உங்களைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குச் சற்று முன்னால் எங்கள் வீடு. பின்பக்கத்து ஒற்றை அறையை வாடகைக்கு விட்டிருந்தோம். எழுபதுகளின் நடுவில் நீங்கள் ஜெர்மனியிலிருந்து வந்து அதில் குடியேறியபோது, நான் அந்த வீட்டுக்கு மருமகளாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஐம்பதைத் தாண்டியவர் நீங்கள். நல்ல உயரம், தணிந்த குரல். தெருவுக்கு வெள்ளைக்காரம்மா, எனக்கு வெறும் அம்மா. காய்கறிக்காரியிடமும் என்னிடமும் பேசிப் பேசியே துண்டு துண்டாகத் தமிழ் கற்றுக்கொண்டீர்கள்.

உங்கள் ஜன்னலோரத் தகர டப்பாவில் அந்த இலை இருந்தது. உங்கள் ஊரிலிருந்து யார் வந்தாலும் அதைத்தான் கொண்டுவரச் சொல்வீர்கள். தொண்டை கட்டினால் அதைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டுக் கொப்பளிப்பீர்கள். ஈறு வீங்கினாலும் அதே தண்ணீர்தான். திடீர் திடீரென்று உடம்பு வியர்த்துக் கொட்டிய நாட்களில் ஆறவைத்துக் குடிப்பீர்கள். பேர் கேட்டதற்கு உங்கள் பாஷையில் "சால்பாய்" என்றீர்கள். "இன்னாது, பாயா?" என்று என் மாமியார் சிரித்தார். இலையை மோந்து பார்த்துவிட்டு, "நம்ம கற்பூரவல்லிக்குத் தூரத்துச் சொந்தம்" என்று தீர்ப்பும் சொன்னார்.

நான் முழுகாமல் இருந்தபோது தொண்டை புண்ணாகி உங்களிடம் வந்தேன். ஒரு டம்ளர் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டீர்கள்.

"கொப்பளி. துப்பு. உள்ள போகக் கூடாது."

"ஏம்மா?"

"வயித்துல பாப்பா. அப்புறம் பால் வேணும். இது பால் நிறுத்தும்."

அந்தக் கார்த்திகையில் எனக்குப் பெண் பிறந்தாள். பெயர் வைப்பதற்குள் ஜன்னி கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன வழியிலேயே, மாட்டுவண்டியில், என் மடியில் போய்விட்டாள். என் கணவரும் அவருடைய அண்ணனும் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிள்ளை போனது என் உடம்புக்குத் தெரியவில்லை. பால் ஊறிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் என் ரவிக்கை நனைந்தது. மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று மாமியார் கடைவீதியெல்லாம் அலைந்தார். மழைக்காலம். கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்த கூட்டமும் கலையவில்லை. வந்த கொஞ்சம் பூவும் கோயில் பக்கமே போய்விட்டது. கிடைத்ததை வைத்துக் கட்டினார். என் காய்ச்சல் சூட்டில் அது வெந்து கறுத்துப்போனது. மார் கல்லாக இறுகியது. ஆஸ்பத்திரி மாத்திரையில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. பால் நிற்கவில்லை.

மாமியார் அதுவரை உங்கள் அறைக்குள் காலெடுத்து வைத்தவரில்லை. அன்றைக்கு உங்கள் வாசலில் போய் நின்றார். "அந்த எலைய கொஞ்சம் குடும்மா. பொண்ணு செத்துடுவா போல இருக்குது."

நீங்களே காய்ச்சி எடுத்து வந்தீர்கள். கசப்பான ஆவி முகத்தில் அடித்தது. டம்ளரை வாங்கி, நீங்கள் பார்க்கும்போதே முற்றத்தில் கொட்டினேன். எனக்கென்று அவள் விட்டுப்போனது அந்தப் பால் ஒன்றுதான். அதுவும் நின்றுவிட்டால் அவள் வந்து போனாள் என்பதற்கு என்ன இருக்கிறது? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை.

நீங்கள் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தீர்கள். ஜிப்பாவின் பொத்தான்களைக் கழற்றி, இடது மார்பின் கீழே இழுத்துத் தைத்த மாதிரி இருந்த வெள்ளைத் தழும்பைக் காட்டினீர்கள்.

"கத்தி" என்றீர்கள். "பால் கட்டிச்சு, சீழ். டாக்டர் வெட்டினாங்க. எங்க ஊர்ல பெரிய சண்டை முடியற சமயம். எனக்குப் பையன். சின்னப் பையன், பால் குடிக்கற பையன். ரொம்பக் குளிர். செத்துட்டான். எங்கம்மா இந்த இலை குடுத்தாங்க. நான் குடிக்கல."

"ஏன் குடிக்கல?"

"நீ ஏன் கொட்டின?"

நீங்கள் எழுந்து போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தீர்கள். குடித்தேன். "கொஞ்சம் கொஞ்சம். ஜாஸ்தி கூடாது" என்று சொல்லி, நீங்களே வேளைக்கு அளந்து கொடுத்தீர்கள். நெஞ்சு மெல்ல இளகியது. பிறகு ஒரு காலையில் ரவிக்கை நனையாமல் விழித்தேன். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். மாமியார் உள்ளே ஓடி வந்தார். நீங்கள் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "விடுங்க. அழட்டும்" என்றீர்கள்.

எண்பதுகளில் என் மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். உங்கள் ஜிப்பாவில் கறை இருந்ததை ஒருநாள் கொடியில் பார்த்தேன். கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றீர்கள். விடாமல் கேட்டதும் துணியை விலக்கினீர்கள். தழும்பில்லாத வலது மார்பில் கட்டி உடைந்திருந்தது. எத்தனை மாதமாக அதைத் துணி வைத்துக் கட்டி மறைத்திருந்தீர்களோ.

"அந்த எலைய அரைச்சுப் போடட்டுமாம்மா?" என்று பைத்தியக்காரி மாதிரி கேட்டேன்.

"இல்ல. இது இலை வேலை இல்ல."

வேலூருக்கு அழைத்துப் போனோம். புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். கட்டி சுருங்கக் கரன்ட் வைத்து அனுப்பினார்கள். உங்கள் ஊருக்குப் போய்விடுங்கள் என்று என் கணவர் சொன்னபோது, "அங்க யாரு?" என்று கேட்டீர்கள். அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. அப்போது அந்த இலையைக் காய்ச்சியது நான். பஞ்சில் நனைத்து உங்கள் உதட்டிலும் நாக்கிலும் ஒற்றி எடுப்பேன். கொஞ்ச நேரம் எரிச்சல் தணியும், இரண்டு வாய் மோர் உள்ளே போகும். வலிக்கு அது எந்த மூலைக்கு? டப்பா காலியானதும் கொல்லையிலிருந்து கொய்யாக் கொழுந்தைப் பறித்துக் காய்ச்சினேன். முகம் சுளித்தீர்கள். "இது வேற" என்றீர்கள். "ஆனா பரவால்ல."

நீங்கள் போன அன்று உங்களைக் குளிப்பாட்டியது என் மாமியார். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் வந்து, அந்தப் பெண்கள் செய்கிறோம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. "எங்க வூட்ல இருந்தவ. நான்தான் செய்வேன்" என்று தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்காமலே சொன்னார். உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெண்பிள்ளைகள் அங்கே போகிற வழக்கமில்லை. ரோட்டு முனை வரைக்கும்தான் வந்தேன்.

அதற்குச் சில நாள் முன்னால், வலி சற்று விட்டிருந்த ஒரு மத்தியானத்தில், உங்கள் மகனுடைய பெயரைச் சொன்னீர்கள். என் வாயில் நுழையும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தீர்கள். பிறகு, "உன் பாப்பா பேர்?" என்று கேட்டீர்கள்.

"பேர் வெக்கலயேம்மா. அதுக்குள்ள போய்ட்டா."

"மனசுல வெச்சிருப்ப."

வைத்திருந்தேன். அவள் வயிற்றில் புரண்ட நாட்களிலேயே ஒரு பெயர் வைத்து, எனக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது. உங்கள் காதருகே குனிந்து சொன்னேன். புண்பட்ட நாக்கால் நீங்கள் அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தீர்கள். என் மகளின் பெயரை இன்னொருவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த இரண்டு பெயர்களும் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான். வீட்டில் யாரும் இல்லாத பகல் வேளைகளில் இரண்டையும் வாய்விட்டுச் சொல்கிறேன். உங்கள் பையன் பெயரில், தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டிய அந்த எழுத்து எனக்கு இன்னும் சரியாக வரவில்லை அம்மா. வருகிற மாதிரி சொல்கிறேன்.