தென்கரைப் புயல்

காரைக்கால்
4 அக்டோபர் 1953

அன்பு மார்கரித்துக்கு, சேசு மரி சூசை துணை.

நானும் பிள்ளை இவோனும் நலம். டிசம்பரில் அமலோற்பவ மாதா திருநாளன்று கோவிலில் அவளுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை. உடுப்புக்குத் துணி எடுத்தாயிற்று. முக்காட்டை மமான் நீதான் வைக்க வேண்டுமாம், சொல்லிக்கொண்டே திரிகிறாள்.

காயம்பட்ட காலோடு நான் பிரெஞ்சுப் படையிலிருந்து ஊர் திரும்பியபோது, இந்த ஒரு புயல் பருவம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லித்தான் பிள்ளையை என்னோடு அனுப்பினாய். மூன்று பருவம் போய்விட்டது. சைகோன் வானிலை நிலையத்தில் உன்னை விட்டால் ஆளில்லையா? நவம்பர்க் கப்பலில் இடம் போடு.

உன் மொரீஸ்

சைகோன்
27 அக்டோபர் 1953

அன்புள்ள அத்தானுக்கு,

கப்பலில் இடம் கேட்டிருக்கிறேன். கோபம் வேண்டாம். தூங்கி எழுந்தாலும் அசதி போக மாட்டேன் என்கிறது.

இந்த நாட்டுத் தென்கரைக்குப் புயல் வராது என்பதுதான் இங்கே எல்லோரும் படித்த பாடம். ஆண்டுக் கடைசியில் வரும் என்று பழைய பதிவுகளை வைத்து நான் எழுதிக் காட்டியபோது, "மதாம், அது உங்கள் காரைக்கால் கடல்" என்று இயக்குநர் சிரித்தார். இப்போது ஒன்று நான் வரைந்த பாதையிலேயே இறங்குகிறது. இன்று அவர் சிரிக்கவில்லை. ஆனால் வெளியே சொல்லக்கூடாதென்று ராணுவ உத்தரவு. விமானம் பறக்க முடியாத நாள் எதிரிக்குத் தெரிந்துவிடுமாம். டான் சோன் நாட் விமானத்தளத்தில் விமானங்களைப் பத்திரப்படுத்துகிறார்கள். படகுக்காரர்களிடம்தான் யாரும் சொல்லவில்லை.

மார்கரித்

சைகோன்
19 நவம்பர் 1953

அத்தான்,

நானே சொல்லிவிட்டேன். கான் ஹொய் படகுத்துறைக்குப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமியத்தில் சொன்னேன். "நீங்க சொன்னது பொய்யாப் போனா எம் பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுறது?" என்று ஒரு படகுக்காரி கேட்டாள். நிஜமானால் பிள்ளைகளுக்குத் தாயே இருக்க மாட்டாள் என்றேன். பெரும்பாலோர் கடலுக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். புயல் கரையேறியது. முன்பே கடலுக்குப் போயிருந்தவர்கள் திரும்பவில்லை.

ராணுவ ரகசியத்தை வெளியிட்டதாக விசாரணை. வேலை போயிற்று. பயணத்தாளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கணிப்பு ஒன்றும் இல்லை, பயத்தில் உளறினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கப்பல் ஏறலாம். போட்டால் அடுத்த புயலுக்கு யார் போய்ச் சொன்னாலும் அந்தத் துறையில் நம்ப மாட்டார்கள். நான் போடவில்லை.

இவோனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

மார்கரித்

காரைக்கால்
14 டிசம்பர் 1953

மார்கரித்துக்கு,

புதுநன்மை நல்லபடி நடந்தது. முக்காட்டை என் தங்கை ரோசாலி வைத்துவிட்டாள். மமானுக்கு உடம்பு சரியில்லையா என்று இவோன் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நீ செய்தது சரி. படையில் எத்தனையோ தாள்களில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது, மார்கரித். அடுத்த வருடமும் ஒரு புயல் வரும். அப்போதும் நீ சரியாகத்தான் செய்வாய். இனி உன்னை வா என்று எழுத மாட்டேன். இவோனுக்கு எழுது, வாசித்துக் காட்டுகிறேன். எனக்கென்று தனியாக எழுத வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு அவள் படம் ஒன்று வைத்திருக்கிறேன். முன்பல் விழுந்திருக்கிறது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

மொரீஸ்