அரைப் பாக்கெட் உப்பு

2024 ஜூன் 3, திங்கள்

ரத்தத்தில் கிரியாட்டினின் 1.9. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. போன மாதம் 1.8. வேறு வேறு லேபில் கொடுத்துப் பார்த்தாயிற்று. லேபில் தவறு என்று இனி சொல்லிக்கொள்ள முடியாது.

மதுரை டாக்டர் நிதானமாகச் சொன்னார். சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறதாம். "போனது திரும்பாதும்மா. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்." பிரஷர் மாத்திரை, உப்பு பாதி, வலி மாத்திரை அறவே கூடாது. தவறினால் டயாலிசிஸ்.

வலி மாத்திரை இல்லாமல் எந்தப் பட்டாசு கம்பெனியில் சீசன் ஓடுகிறது? என் மேசை டிராயரில் அட்டை அட்டையாக இருக்கிறது. பதினெட்டு வருடத் தலைவலி.

ஜூன் 4

டிராயரைக் காலி செய்தேன். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 12, புதன்

வெள்ளைத்தாய் கண்டுபிடித்துவிட்டாள். குடோனிலிருந்து மூட்டைச் சாம்பிள்களை என் லேபுக்கு எடுத்துவருவது அவள் வேலை. "மாத்திரைய எங்க, கெமிஸ்டம்மா? மண்டையிடி போயிருச்சா, இல்ல மண்டையே போயிருச்சா?"

சிரிக்கும்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. கக்கூஸ் கடைசி ஷெட்டையும் தாண்டி இருப்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். சனிக்கிழமை ரத்தமும் சிறுநீரும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 17

அவளுக்கு 2.3.

"உங்களுக்கு ஒண்ணு புள்ளி ஒம்பது. எனக்கு ரெண்டு புள்ளி மூணு. இதுலயாவது உங்களைவிடக் கூட மார்க் வாங்கிட்டேன்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 5, வெள்ளி

காரியாபட்டிப் பக்கம் ஒரு வைத்தியராம். டயாலிசிஸ் மிஷினில் ஏற்றாமல் காப்பாற்றிவிடுவாராம். வெள்ளைத்தாய் எனக்கும் சேர்த்து ஒரு பாட்டில் கஷாயம் வாங்கி வந்திருந்தாள்.

"இதில் என்ன இருக்கு?"

"அதைச் சொன்னாப் பலிக்காதாம்ல."

அவள் கண் முன்னாலேயே தொட்டியில் ஊற்றினேன். என்னவென்று தெரியாத எதையும் உடம்புக்குள் விடக்கூடாது என்று வகுப்பெடுத்தேன். இங்கே வெடியுப்பு மூட்டை வருகிறது. மேலே எழுதியிருப்பதை நம்பியா ஷெட்டுக்கு அனுப்புகிறேன்? படித்துப் பார்த்து, சோதித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதானே?

தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முன்னூறு ரூவா, கெமிஸ்டம்மா." பிறகு, "நீங்க சொன்னாச் சரிதான். படிச்சவுக."

ஜூலை 21, ஞாயிறு

உப்பைப் பாதியாக்கியதிலிருந்து சோறு இறங்கவில்லை. சிவகாசி சூப்பர் மார்க்கெட்டில் நீலப் பாக்கெட் ஒன்று: சோடியம் குறைந்த உப்பு. இதயத்துக்கு நல்லது என்று ஒரு படம். அறிவுள்ளவர்களுக்கும் கடையில் ஏதோ வைக்கிறார்கள். நான்கு பாக்கெட் வாங்கினேன். இரண்டு வெள்ளைத்தாய்க்கு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அவளுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. எனக்குப் பிரஷர் 130. எனக்குள் ஒரு கர்வம். எழுதினால்தான் தெரிகிறது.

"இப்பத்தான் கொழம்பு கொழம்பா இருக்கு. என்ன, லேசாக் கசக்குது."

"பழகிடும்" என்றேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

சீசன் லோடு. ஒரே நாளில் முப்பத்தாறு மூட்டை. மாடிப்படி ஏறினால் கால் என்னுடையதாக இல்லை. வெள்ளைத்தாயும் லேபில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "காலு துவளுது, கெமிஸ்டம்மா. ஈரத்துணி கணக்கா." சர்க்கரை ஏறியிருக்கும் என்றேன். அடுத்த ரத்தச் சோதனைக்கு இரண்டு பேருக்கும் நாள் தள்ளிவிட்டது. தீபாவளி முடியட்டும்.

செப்டம்பர் 2, திங்கள்

வெள்ளைத்தாய் வேலைக்கு வரவில்லை. பத்தரை மணிக்கு போன். காலையில் குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். உயிர் இல்லையாம்.

அவள் ஊர் விஸ்வநத்தம் போய் வந்தேன். மாரடைப்பு என்கிறார்கள். சுகர்க்காரிதானே என்கிறார்கள். மகள் இசைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இந்தக் கையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. இன்று கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 14, சனி

இரண்டு நாளாக இதயம் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பலமாக அடிக்கிறது. இன்று காலை கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. மதுரை. ஈ.சி.ஜி. பார்த்த நர்ஸ் ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். பொட்டாசியம் 6.9. ஐந்தரையைத் தாண்டக் கூடாதாம். ஊசி மேல் ஊசி. ஒருமுறை டயாலிசிஸும்.

செப்டம்பர் 16, திங்கள்

டாக்டர் சாப்பாட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். இளநீர் இல்லை. வாழைத்தண்டு இல்லை. கஷாயம் இல்லவே இல்லை.

"உப்பு?"

சோடியம் குறைந்தது என்று சொன்னேன். சொன்ன குரலை இப்போதும் கேட்கிறேன். மாணவி சரியான விடை சொல்வது போல.

பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க கெமிஸ்ட்ரிதானேம்மா? சோடியத்தைக் குறைச்சா அந்த இடத்துல என்ன போடுவான்? பொட்டாசியம் குளோரைடு. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிடும். உங்களோடது தள்ளாது. உங்க பிரஷர் மாத்திரையும் அதைத் தேக்கும். பின்னாடியே அச்சடிச்சிருப்பானே."

வெடியுப்பு என்றால் என்ன? பொட்டாசியம் நைட்ரேட். மூட்டை மூட்டையாக அதைத்தான் பதினெட்டு வருடமாகச் சோதிக்கிறேன். அந்த நீலப் பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கசக்குதுன்னாளே. அந்த உப்பு கசக்கும்னு எனக்குத் தெரியாதா? படிச்சேனே. காலு துவளுதுன்னாளே. நான் என்ன சொன்னேன் — நான் என்ன சொன்னேன்?

செப்டம்பர் 20, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டேன். பொட்டாசியம் போகக் காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத் தருகிறார் சபரிநாதன். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் இப்போதுதான் அவர் சமைக்கிறார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு சுகர், பிரஷர், அம்புட்டும் இருந்துச்சு. உப்புதான் காரணம்னு நிரூபிக்க முடியுமா?"

முடியாது. ரத்தம் எடுக்கவில்லை. உடலை எரித்தாகிவிட்டது. எதையும் சந்தேகிப்பதுதான் என் சுபாவம். இந்த ஒரு சந்தேகம் எனக்குச் சாதகமாக வந்து நிற்கிறது. அதை எடுத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

விஸ்வநத்தம் போனேன். நான் கேட்பதற்கு முன்பே இசைவாணி, அம்மா பத்திரப்படுத்தியதைக் காட்ட அடுப்படி அலமாரியிலிருந்து இரண்டாவது நீலப் பாக்கெட்டை எடுத்து வந்தாள். பாதி இருந்தது.

"எங்களைத் தொடவே விட மாட்டா. இது கெமிஸ்டம்மா குடுத்த மருந்துன்னு அவளுக்கு மட்டும் தனியா ஆக்கிக்குவா."

சொல்லிவிட்டேன். பொட்டாசியம், பாக்கெட்டைப் படிக்காமலே கொடுத்தது, எனக்கு நடந்தது, டாக்டர் சொன்னது. நிரூபிக்க முடியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள்.

"கசக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னதா எங்கம்மா சொன்னா. நீங்க என்ன சொன்னீக?"

"பழகிடும்னு சொன்னேன்."

பாக்கெட்டைக் கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை. "வேணாம். இங்கனயே இருக்கட்டும்" என்று உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வாசல் வரை வரவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

கிரியாட்டினின் 2.6. வாங்கிய மார்க்கில் இப்போது நான்தான் மேலே.

வேலைக்குப் போனேன். சாம்பிள் எடுத்துவர அம்மாவின் இடத்தில் இசைவாணியைப் போட்டிருக்கிறார்கள். மேனேஜர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "தெரிஞ்ச பிள்ளை" என்றார். காலை வணக்கம் கிடையாது. டப்பாக்களை வரிசையாக வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

முதல் மூட்டையைச் சோதித்து முடித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

"படிச்சுப் பாத்துட்டீகளா?" என்றாள்.

பேனாவை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். இன்றைக்கு இருபத்தொரு மூட்டை. இருபத்தொரு முறை கேட்டாள்.