பழவேற்காட்டுக்கு வேன் வேண்டாம்

ரீட்டாக்கண்ணு,

நன்றாக இருக்கிறாயா என்று எழுத வந்த கையைப் பிடித்து நிறுத்தினேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினாலும் பொய்தான். ஒரு வாரமாகக் குமட்டிக்கொண்டே இருக்கிறது. சிரிக்காதேடி, மசக்கை இல்லை. எங்கள் தெருவைப் பார்த்தால் குமட்டுகிறது.

உங்கள் ஊருக்கு வரப் போகிறேன். நீ இருந்தவரை எத்தனை முறை கூப்பிட்டிருப்பாய்? தாம்பரத்தில் நாம் காலேஜில் படித்த மூன்று வருஷமும் ஒவ்வொரு லீவுக்கும் கூப்பிட்டாய். கடைசியில் நான் பழவேற்காட்டுக்கு வந்தது உன்னை அடக்கம் செய்த அன்றுதான். படகில் ஏறியதும் நினைவில்லை, உங்கள் தீவில் இறங்கியதும் நினைவில்லை. உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

போன மாதம் உன் தம்பி அந்தோணி வந்தான். "புள்ளயக் கூட்டினு ஒரு தபா வருவியான்னு அம்மா கேக்குதுக்கா. நீங்க போனதுலேர்ந்து அக்காவத் தேடினு யாருமே வர்ல" என்றான்.  வருகிறோம் என்றேன்.

இவரும் நானும் குழந்தை அபியும்தான் என்று முதலில் முடிவு செய்தோம். மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து சென்ட்ரலுக்கு நடை, பொன்னேரி வண்டி, அப்புறம் பஸ், அப்புறம் உங்கள் படகு. ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. தொப்பி, மாற்று கவுன், குளுக்கோஸ், ஜுர மருந்து என்று இப்போதே பையில் எடுத்து வைக்கிறேன். படகில் அபி எட்டிப் பார்த்தால்? உங்கள் ஏரி எவ்வளவு ஆழம் என்று அந்தோணியிடம் கேட்டேன். "இடுப்பு ஆழந்தான்க்கா, நடந்தே போலாம்" என்றான். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னானோ என்னவோ.

தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது வாய் சும்மா இருக்காமல் எதிர்வீட்டு விமலாக்காவிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "பழவேற்காடா? பறவையெல்லாம் வருமே! ஒரு வேன் பேசினா நம்ம தெருவே போயிட்டு வந்துடலாமே" என்றார். லாரி கிளம்புவதற்குள் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். எனக்கும் ஒரு சந்தோஷம், ஒளிப்பானேன். ஆளே வராத வீட்டுக்கு ஒரு வேன் நிறைய ஆள் வந்தால் உன் அம்மா முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

விவரம் பேச அந்தோணியை ஒரு மத்தியானம் வரச் சொன்னேன். வயர் கூடை நிறைய இறாலோடு வந்தான். தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு வந்த விமலாக்கா எங்கள் சோபாவில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, மூடியபடியே "அங்க இறால் என்னப்பா ரேட்டு?" என்று கேட்டார்.

"ஒங்களுக்கு இன்னாக்கா ரேட்டு, எடுத்துக்கோங்க."

"போட் உங்களுதுதானே? ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கெல்லாம் ஏறிடணும்பா. வெயில் வந்துட்டா எங்களால முடியாது."

"ஞாயித்துக்கெழம நாங்க போட்டு எடுக்கமாட்டோம்க்கா. ஒங்களுக்காவத்தான். பூசை முடிஞ்சி வந்து எடுத்துர்றேன்."

"ஒரு வாரம் பூசைக்குப் போகலைன்னா உங்க சாமி கோச்சுக்குமா?"

"சாமி கோச்சிக்காதுக்கா. எங்கம்மா கோச்சிக்கும்."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கலாம். அவன்தான் ஆசையாக ஆரம்பித்தான். "எத்தினி பேருன்னு கேட்டுனு வரச் சொல்லிச்சி அம்மா. நண்டு, எறா, மடவ மீனு எல்லாம் வெக்கிதாம். புள்ளைங்களுக்குக் காரம் போடாம தனியா."

"ஐயோ, அதெல்லாம் வேணாம்ப்பா!" விமலாக்காவின் கை தானாக முன்னால் நீண்டு தடுத்தது. "அவங்களுக்கு எதுக்கு சிரமம்? நாங்க புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கிட்டு வந்துடுவோம். தண்ணிகூட இங்கேருந்தே கேன்ல கொண்டு வந்துடுவோம். உமா தன் கொழந்தைக்குக் காய்ச்சின தண்ணிதான் குடுப்பா. அவளுக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகத்தானாம்! வாரத்தில் மூன்று நாள் அந்த வீட்டில் மீன் வறுக்கும் வாசனை எங்கள் கொல்லைவரை வரும். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி போய்விட்டது. "அப்புறம்ப்பா, லேடீஸ் வரோம். உங்க வீட்ல டாய்லெட் இருக்கில்ல?"

அந்தோணி தரையைப் பார்த்தான். "எங்கூர்ல எல்லாம் சவுக்குத் தோப்புக்குத்தான்க்கா போவாங்க."

யாரோ "ச்சீ" என்றார்கள். மெதுவாகத்தான். அவன் காதில் விழுந்தது.

அவன் போனபிறகு அந்த இறாலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், ரீட்டா. "நல்லா மஞ்சப்பொடி போட்டு நாலு தண்ணி கழுவிட்டா ஒண்ணும் இல்ல" என்றார் விமலாக்கா. "வரும்போது ஐஸ் பெட்டி எடுத்துட்டுப் போய் நெறையா வாங்கிட்டு வந்துடலாம். நம்ம வீட்ல சுத்தமா செஞ்சு சாப்பிடலாம். அங்க சாப்பிடறதாவது! அவங்க வீட்டு டம்ளரே வாடை அடிக்கும்." மீன் வேண்டும், மீன்பிடித்தவன் வீட்டு டம்ளர் வேண்டாம். நான் பக்கெட்டில் தண்ணீர் எடுத்து, அந்தோணி கூடை வைத்த இடத்தை விட்டுவிட்டு, அவர்கள் உட்கார்ந்த இடத்தைத் துடைத்தேன். இவர் ஒரு மாதிரி பார்த்தார். 

அன்றே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ? போகப்போக சரியாகிவிடும், நேரில் போனால் உன் அம்மாவைப் பார்த்ததும் மாறிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்கு அந்தோணியின் போன் வந்தது. பொன்னேரியிலிருந்து பேசினான். குரலில் அவ்வளவு குஷி. "அக்கா, அந்தக்கா கைல சொல்லிடுங்க. வூட்டுப் பின்னாடி ஓலை கட்டி, குழி வெட்டி, பீங்கான்லாம் வச்சாச்சி. ஊர்லயே மொதோ கக்கூஸ் நம்ம வூட்டுதுதான்! பட்டணத்து பொம்பளைங்க வராங்களே, அதுங்க தோப்புக்குப் போவுமான்னு அம்மா நைநைன்னு உயிர வாங்கிடுச்சி."

ரீட்டா, நீ இருந்தபோது உனக்குக்கூட அது கட்டித் தரவில்லை. லீவுக்குப் போனால் விடியுமுன் எழுந்து தோப்புக்கு ஓட வேண்டும் என்று நீ என்னிடம் அலுத்துக்கொண்டிருக்கிறாய். உன் அம்மா அதை யாருக்காகக் கட்டியிருக்கிறார், பார்.

விமலாக்காவிடம் சொன்னேன். கொஞ்சமாவது கூசுவார் என்று எதிர்பார்த்தேன். "பரவால்லையே! அப்போ பிரச்சினையே இல்ல. சாப்பாடும் தண்ணியும் மட்டும் நாம கொண்டு போயிட்டா போதும்" என்றார்.

நான் அவர் வீட்டு வாசற்படி ஏறாமலே நின்றேன்.

"வேன் வேணாம் விமலாக்கா" என்றேன்.

"ஏன், வேற வண்டி பாத்திருக்கியா?"

"நாங்க மட்டும் ரயில்ல போறோம். அவங்க வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டீங்க. ஆனா அவங்க கட்டி வெச்ச கக்கூஸுக்கு மட்டும் போவீங்களா?"

"இதென்னடி பேச்சு! நீ மட்டும் அங்க தண்ணி குடிப்பியா? பச்சத்தண்ணிய உன் கொழந்த வாய்ல ஊத்துவியா? காய்ச்சிக் காய்ச்சி சாகறவ நீதானே?"

உண்மைதான். அபிக்கு மட்டுமல்ல, எனக்கும் இவருக்கும்கூடக் காய்ச்சிய தண்ணீர்தான். ஆனால் நான் எப்போதிலிருந்து காய்ச்சுகிறேன் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நீ இல்லை. படிப்பு முடிந்து டீச்சர் வேலை கிடைத்து, இங்கே சேலையூரில் மாடியறை எடுத்தாயே, அந்த மழைக்காலத்தில் அந்தத் தெருவில் வரிசையாக மஞ்சள் காமாலை. தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர். மற்றவர்கள் எழுந்து நடமாடினார்கள். நீ எழுந்திருக்கவில்லை.

அதைத்தான் சொன்னேன். "நான் காய்ச்சறது அவங்க ஊர் தண்ணிக்குப் பயந்து இல்லக்கா. ரீட்டாவைக் கொன்னது நம்ம ஊர் தண்ணி. அதைத்தான் கேன்ல பிடிச்சு அவ அம்மா வீட்டுக்குக் கொண்டு போகலாம்னு சொல்றீங்க."

விமலாக்கா உள்ளே ஒரு அடி வைத்தார். அப்புறம் "அது வேற, இது வேற" என்று கதவைச் சாத்திக்கொண்டார். எப்படி வேறு? நீ சொல்லேன்.

இப்போது லாரி வந்தால் எனக்கு யாரும் இடம் பிடித்து வைப்பதில்லை. கர்வம் பிடித்தவளாம், மீன்காரர்களோடு உறவு கொண்டாடுகிறேனாம். இவர் மட்டும் "நல்லதுதான் பண்ணே. ஆனா அந்தம்மா பதினாலு பேருக்கு உலை வெச்சிருப்பாங்களே?" என்றார். எனக்கும் அதே கவலைதான்.

அந்தோணி மறுபடி போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டான். அப்புறம், "அம்மா கைல இதெல்லாம் சொல்லாதீங்கக்கா. வேன் ரிப்பேருன்னு சொல்லிடுங்க" என்றான். பாவம், அவனுக்குத் தெரிந்த மருந்து அது. நானும் இரண்டு நாள் யோசித்தேன். வேன் ரிப்பேர் என்றால் உன் அம்மா என்ன செய்வார்? அடுத்த ஞாயிறு வரச் சொல் என்பார். அதற்கடுத்த ஞாயிறும் பீங்கானைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் படகுத்துறையில் வந்து நிற்பார்.

அதனால் பொய் சொல்லப் போவதில்லை, ரீட்டா. அவர்கள் வரமாட்டோம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்குக் கூட்டி வர எனக்கு மனசில்லை, அதனால் நான்தான் வேண்டாம் என்றேன். உன் அம்மா கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஏன் மனசில்லை என்று அவர் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன். கேட்டால், அதையும் அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
அந்தோணிக்கு மிச்சமிருக்கும் அக்கா,
உமா