தம்பியின் அஸ்தியும் ஒரு சிவப்புப் பையும்

என் செல்லத் தம்பி குமரா,

அங்கேயாவது யாரிடமும் சண்டை போடாமல் இருக்கிறாயா? இங்கே வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தேத்தண்ணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்தால், வாசலிலேயே மறித்துத் திட்ட ஆளில்லை. "ஆத்துக் குப்பைய எண்ணுறவனுக்கு அக்காவா இருக்குறது பெரிய தொல்லைடா" என்று அப்போதெல்லாம் நானும் உன்மேல் எரிந்து விழுவேன்.

உன் அஸ்தியைக் கரைக்கக் கிள்ளான் ஆற்றுக்குப் போனோம். நீயும் உன் கூட்டாளிகளும் மாதாமாதம் நின்று, ஆற்றில் மிதந்து வரும் பிளாஸ்டிக்கைக் கணக்கெடுக்கும் அதே படகுத் துறைதான். அவர்களும் வந்திருந்தார்கள். காற்றில் பறந்துவிடும் என்று அம்மா பூவையெல்லாம் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து வைத்திருந்தாள். பூசாரி "விடுங்கம்மா" என்றதும் பையோடு அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டாள். பிரித்துப் போட அவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. "திரும்பிப் பாக்காம நடங்க" என்றார் பூசாரி. நடந்துவிட்டோம்.

போன வாரம் உன் கூட்டாளி திலிப் வீட்டுக்கு வந்தான். வைத்த பலகாரத்தைத் தொடவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க போனதும் நாங்க அந்த மாசக் கணக்க முடிச்சிட்டுதான் போனோம். பாத்த எல்லாத்தையும் எழுதினோம். அந்தப் பைய மட்டும் எழுதல. மனசு வரல லா."

எனக்கு அழுகையாக வந்தது. உயிரோடு இருந்தவரை நீ தொண்டை வற்றச் சொன்னது, பிளாஸ்டிக் வேண்டாம் என்ற ஒன்றுதான். உன் கடைசிக் காரியத்தில்கூட எங்களுக்கு அது ஞாபகம் வரவில்லையே, குமரா. கோபமா உனக்கு?

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"எழுதுப்பா. அவன் இருந்தா விட்டுருப்பானா?"

திலிப் கைப்பேசியை எடுத்தான். கொஞ்சம் தயங்கினான். "எங்கேருந்து வந்துச்சுன்னும் போடணும் ஆன்டி. முக்காவாசிக்கு எங்களுக்கே தெரியாது. இதுக்கும் தெரியாதுன்னே போட்டுடவா?"

"ஏன் தெரியாது? எங்க வீட்டுலேருந்துன்னு போடு."

அவன் எழுதி முடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்த கணக்கெடுப்புக்கு நான் போகிறேன், அம்மாவும் வருகிறாளாம். எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய், எத்தனை தடவை நேரமில்லை என்றிருப்பேன்! இனி எந்த மாதமும் தவற மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நீ கூப்பிட்டபோது வராத உன் அக்கா,
வசந்தி